விரிவாக்கக் கணக்கில் விடை தப்பினால் எங்கே பார்ப்பது?

ஆயத்தொலை வடிவியலில் விரிவாக்கக் கணக்கு, அதாவது ஒரு புள்ளியை மையமாக வைத்து உருவத்தைப் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும் கணக்கு, பார்ப்பதற்கு ரொம்ப எளிது. ஒரு உருவம், ஒரு மையம், ஒரு அளவு காரணி. மூன்றையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள், பெருக்கினால் விடை. ஆனாலும் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள்கூட இதில் மதிப்பெண்ணை விடுகிறார்கள். பெருக்கல் தெரியாமல் இல்லை. எங்கிருந்து அளப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

அதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கில் அளவு காரணி 3/5 என்றோ 7/4 என்றோ கொடுத்து வடிவொத்த முக்கோணம் வரையச் சொல்வார்கள். அந்த வரைமுறையில் முக்கோணத்தின் ஒரு முனையே மையமாக இருக்கிறது. அந்த முனை நகராது என்பதால், மையம் என்று ஒன்று இருப்பதே கண்ணில் படாது. அப்புறம் ஆயத்தொலைவுகளோடு பாடம் வரும்போது முதல் சில கணக்குகளில் ஆதிப்புள்ளிதான் மையம். பூஜ்யத்தைக் கழித்துப் பூஜ்யத்தைக் கூட்டுவதால் அங்கேயும் மையம் மறைந்துபோகிறது. மையத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்த அடுத்த கணக்கிலேயே குழப்பம் தொடங்கிவிடும்.

இங்கே பாடத்தை முதலிலிருந்து நடத்தப்போவதில்லை. உங்கள் விடை எப்படித் தப்பியிருக்கிறது என்று பாருங்கள், அந்த அறிகுறி இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் ஒரு மாதிரி மட்டும் வைத்துக்கொள்வோம், கீழே எல்லா இடத்திலும் அதுதான் வரும்.

முக்கோணத்தின் முனைகள் அ (3, 2), ஆ (7, 2), இ (3, 5). அ-வில் செங்கோணம். பக்கங்கள் 4, 3, கர்ணம் 5. மையம் ம (1, 1). அளவு காரணி 2.

அளவு காரணி 2 என்றால், மையத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதே திசையில் இரண்டு மடங்கு தள்ளிப் போகவேண்டும். பக்கங்கள் இரண்டு மடங்கு ஆவது அதன் விளைவு. இந்த வரிசையை மாற்றி, "பக்கங்களை இரண்டு மடங்காக்கு" என்று மட்டும் மனதில் வைத்திருப்பவர்கள்தான் கீழே வரும் முதல் பிழையில் மாட்டுகிறார்கள்.

செய்முறை மூன்று படி: புள்ளியிலிருந்து மையத்தைக் கழிக்கவும், காரணியால் பெருக்கவும், மையத்தைத் திரும்பக் கூட்டவும். புள்ளி அ-வுக்கு: (3 − 1, 2 − 1) = (2, 1). இரண்டால் பெருக்க (4, 2). மையத்தைக் கூட்ட (5, 3). இதேபோல ஆ-வுக்கு (6, 1), (12, 2), கடைசியில் (13, 3). இ-க்கு (2, 4), (4, 8), கடைசியில் (5, 9). ஆக அ′ (5, 3), ஆ′ (13, 3), இ′ (5, 9).

அறிகுறி 1: பக்க அளவெல்லாம் சரி, உருவம் இருக்கும் இடம் மட்டும் தப்பு

எல்லாவற்றிலும் அடிக்கடி வருவது இதுதான். பிடிபடாமல் தப்பிப்பதும் இதுதான். நோட்டில் இப்படி இருக்கும்: அ′ (6, 4), ஆ′ (14, 4), இ′ (6, 10). ஆயத்தொலைவுகளை நேராக இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். மாணவர் சரிபார்க்கவும் செய்திருப்பார்: 14 − 6 = 8, சரி. 10 − 4 = 6, சரி. கர்ணம் 10, அதுவும் சரி. பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டிருப்பார். ஆனால் விடை தப்பு.

ஆயத்தொலைவு என்பதே ஆதிப்புள்ளியிலிருந்து அளந்த அளவு. அதை நேராகப் பெருக்கினால், நீங்கள் ஆதிப்புள்ளியை மையமாக வைத்து விரித்திருக்கிறீர்கள் என்று பொருள். கேள்வியில் மையம் (1, 1). பக்க நீளங்களை வைத்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. எந்த மையத்திலிருந்து விரித்தாலும் காரணி ஒன்றாக இருந்தால் ஒரே அளவு முக்கோணம்தான் கிடைக்கும், இடம்தான் மாறும்.

அதனால் சோதிக்கும் முறையை மாற்றவேண்டும். வரைபடத்தாளில் மையத்தைக் குறித்துக்கொண்டு, மையத்தையும் பழைய புள்ளியையும் தொட்டபடி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். புதிய புள்ளி அதே விளிம்பில் உட்கார்ந்திருக்கவேண்டும். (1, 1), (3, 2), (5, 3) மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன: ஒவ்வொரு முறையும் 2 கட்டம் வலது, 1 கட்டம் மேலே. (1, 1), (3, 2), (6, 4) அப்படி வராது. முதல் நகர்வு 2 வலது, 1 மேலே. அடுத்தது 3 வலது, 2 மேலே. கோடு வளைந்துவிட்டது, அதனால் விடை தப்பு.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தப்பான விடைக்கும் சரியான விடைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். (6, 4)-க்கும் (5, 3)-க்கும் (1, 1). மற்ற இரண்டு புள்ளிகளிலும் அதே (1, 1). இது தற்செயல் இல்லை. ஆதிப்புள்ளியை வைத்துப் பெருக்கிவிட்டால், விடை எப்போதும் "காரணியில் ஒன்று குறைத்து, மையத்தால் பெருக்கிய" அளவுக்குத் தள்ளிப்போகும். காரணி 2 என்றால் மையத்தின் அளவே. காரணி 3, மையம் (4, −1) என்றால் (8, −2). ஆகவே பரீட்சை முடியும் நேரத்தில் பிழையைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திரும்பப் போடவேண்டாம். அந்த அளவைக் கழித்துவிட்டாலே சரியான விடை வந்துவிடும்.

இதே பிழையின் தம்பி ஒன்று உண்டு: மையத்தைக் கழிப்பார்கள், பெருக்குவார்கள், திரும்பக் கூட்ட மறந்துவிடுவார்கள். அப்போது அ′ (4, 2) என்று வரும். எல்லாப் புள்ளிகளும் மையத்தின் அளவுக்கே குறைந்திருக்கும். மைய ஆயத்தொலைவில் மைனஸ் இருந்தால் கழிக்கும் படியிலேயே பிழை வருவதும் உண்டு. (−2, 3) மையமாக இருக்கும்போது "3 − (−2)" என்று எழுதாமல் மனக்கணக்காக 1 என்று போட்டுவிடுவார்கள். மையத்தில் மைனஸ் குறி இருந்தால் மூன்று படியையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

மையம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பாண்டோகிராஃப் கருவியைப் பாருங்கள். கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானிய ஏசு சபைப் பாதிரியார் 1603-ல் அமைத்தது. நான்கு சட்டங்களை இணைகரமாகப் பிணைத்திருப்பார்கள். ஒரு முனை பலகையில் ஆணியடித்து நிற்கும், ஒரு முள் பழைய படத்தின் மேல் ஓடும், பென்சில் புதிய படத்தை வரையும். ஆணி, முள், பென்சில் மூன்றும் எப்போதும் ஒரே கோட்டில் இருக்கும். அந்த ஆணிதான் மையம். ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடித்தால் அதே படம் அதே அளவில் பலகையின் வேறு மூலையில் வரும். ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்தே இதைச் செய்யலாம், பள்ளியில் ஒருமுறை செய்து காட்டினால் இந்த அறிகுறி பாதி காணாமல் போய்விடும்.

அறிகுறி 2: ஒரு பக்கம் சரி, மற்ற இரண்டும் ஒத்துவரவில்லை

ஒரு முனையில் மட்டும் கணக்குப் பிசகியிருக்கிறது. எந்த முனை என்று தேட எல்லாவற்றையும் திரும்பப் போடவேண்டாம். தப்பான முனையில் சேரும் இரண்டு பக்கங்களும் கெடும், அதற்கு எதிரே உள்ள பக்கம் மட்டும் பிழைக்கும். ஆகவே சரியாக வந்த பக்கத்துக்கு எதிர்முனைதான் குற்றவாளி.

இ′-ஐ (5, 8) என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அ′ஆ′ 8, சரி. அ′இ′ 6 வரவேண்டும், 5 வருகிறது. ஆ′இ′ 10 வரவேண்டும், √89, அதாவது சுமார் 9.43 வருகிறது. சரியாக இருக்கும் பக்கம் அ′ஆ′. எதிரே இருப்பது இ′. அங்கே போய்ப் பார்த்தால் ஒய் மதிப்பில் மையத்தைக் கூட்ட மறந்தது தெரியும்.

மூன்று பக்கமும் வெவ்வேறு விகிதத்தில் வந்தால் முதலில் வேறு இரண்டு காரணங்களைப் பாருங்கள். எக்ஸ் மதிப்பை மட்டும் பெருக்கி ஒய் மதிப்பை அப்படியே விட்டிருக்கலாம். அப்போது 4, 3 என்ற பக்கங்கள் 8, 3 என்று ஆகி, உருவம் ஒரு பக்கமாக இழுத்த மாதிரி தெரியும். இரண்டுக்கும் வெவ்வேறு காரணி போட்டாலும் இதே கதிதான். அது விரிவாக்கம் ஆகாது. பக்கங்கள் மாறவே இல்லையா? அப்படியானால் பெருக்குவதற்குப் பதிலாக 2-ஐக் கூட்டியிருக்கிறீர்கள். உருவம் நகர்ந்திருக்கிறது, விரியவில்லை.

அறிகுறி 3: கணக்கு சரி, ஆனால் வரைந்து ஸ்கேலால் அளந்தால் வேறு நீளம் வருகிறது

இருபடிச் சமன்பாட்டுக்கு வரைபடம் போடும்போது எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று எடுத்துப் பழகியிருப்போம். அதே பழக்கத்தில் இங்கேயும் எடுத்தால் நம் முக்கோணத்தின் கர்ணம் 5 செ.மீ. வராது, சுமார் 4.3 செ.மீ. வரும். ஆ-வில் உள்ள கோணம் ஏறக்குறைய 37 பாகை இருக்கவேண்டும், பாகைமானியை வைத்தால் 21 பாகை பக்கம் காட்டும். ஆயத்தொலைவுகள் தப்பில்லை. தாளில் போட்ட அளவுத்திட்டம்தான் தப்பு. வடிவியல் வரைபடத்துக்கு இரண்டு அச்சிலும் ஒரே அளவு எடுங்கள்.

அப்படி வரைந்துவிட்டாலும், மையம், பழைய புள்ளி, புதிய புள்ளி ஒரே கோட்டில் வரும் சோதனை கெடாது. ஒய் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி நசுங்குவதால் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். ஆகவே முதல் அறிகுறிக்குச் சொன்ன ஸ்கேல் சோதனையை அந்தத் தாளிலும் நம்பலாம்.

அறிகுறி 4: பெரிதாகவேண்டியது சிறிதாகிவிட்டது

விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். காரணி எப்போதும் புதியது வகுத்தல் பழையது. பழைய பக்கம் 4, புதிய பக்கம் 10 என்றால் 2.5. அதை 4/10 என்று போட்டால் 0.4 வந்து எல்லாம் சுருங்கிவிடும். எது பழையது என்று தெரியாமல் தடுமாறினால் மேற்குறியைப் பாருங்கள்: அ′ என்று போட்டிருப்பது புதியது. படத்தில் எது பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், எது இடது பக்கம் இருக்கிறது என்பதை வைத்தும் கூடாது. காரணி 1-ஐவிடப் பெரிதாக இருந்தால் விரியும், 0-க்கும் 1-க்கும் நடுவில் இருந்தால் சுருங்கும். இரண்டுக்கும் பெயர் விரிவாக்கம்தான்.

சதவீதத்தில் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். "40% பெரிதாக்கு" என்றால் காரணி 1.4. "40% குறை" என்றால் 0.6. "40 சதவீத அளவுக்குச் சுருக்கு" என்றால் 0.4. ஒரே எண், மூன்று வெவ்வேறு காரணி. அப்புறம், 25% குறைத்ததை 25% கூட்டிப் பழையபடி ஆக்க முடியாது: 0.75 × 1.25 = 0.9375. பழைய அளவுக்குத் திரும்பவேண்டுமானால் காரணியைத் தலைகீழாக்கவேண்டும், 3/4-க்கு 4/3. அதே மையத்திலிருந்து என்பதையும் மறக்கவேண்டாம், இதைப் பற்றிக் கடைசி அறிகுறியில் கொஞ்சம் விரிவாக.

அறிகுறி 5: உருவம் மையத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தலைகீழாக நிற்கிறது

காரணி மைனஸா என்று கேள்வியைத் திரும்பப் படியுங்கள். மைனஸ் என்றால் விடை சரி, பதறவேண்டாம். காரணி −2 எனில் அ-வுக்கு (2, 1) என்பது (−4, −2) ஆகி, மையத்தைக் கூட்ட (−3, −1). ஆ′ (−11, −1), இ′ (−3, −7). மையத்தைத் தாண்டி எதிர்த்திசையில் இரண்டு மடங்கு தூரம். வேறு மாதிரி சொன்னால், மையத்தைச் சுற்றி 180 பாகை திருப்பி, அப்புறம் இரண்டு மடங்கு விரித்த உருவம்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் ஓடுகின்றன. மைனஸ் என்றால் சுருங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறி திசையைச் சொல்கிறது, எண்தான் அளவைச் சொல்கிறது, −2 இரண்டு மடங்காக்கத்தான் செய்யும். இன்னும் சிலர் இதைக் கண்ணாடிப் பிம்பம் என்று எழுதுகிறார்கள். அதுவும் இல்லை. அ, ஆ, இ என்று முனைகளைச் சுற்றிவந்தால் நம் முக்கோணத்தில் வலமிருந்து இடமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவோம். −2 போட்ட பிறகும் அப்படியே எதிராகத்தான் சுற்றுவோம். கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் அந்தச் சுற்று மாறியிருக்கும்.

ஊசித்துளைக் கேமராவில் விழும் படம் இந்த மைனஸ் காரணிக்கு நேரடி உதாரணம். துளைதான் மையம். ஒவ்வொரு ஒளிக்கதிரும் துளை வழியாக நேராகப் போய் அந்தப் பக்கம் விழுவதால் மரம் தலைகீழாகத் தெரிகிறது. இயற்பியல் பாடத்தில் மெய்ப்பிம்பத்தின் உருப்பெருக்கத்துக்கு மைனஸ் குறி வருவதும் தலைகீழ்ப் பிம்பம் என்பதால்தான்.

மைனஸ் இல்லாத கணக்கில் உருவம் அந்தப் பக்கம் போயிருந்தால், கழித்தலை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். புள்ளியிலிருந்து மையத்தைக் கழிக்காமல் மையத்திலிருந்து புள்ளியைக் கழித்தால் எல்லாக் குறிகளும் திரும்பி, காரணி −2 போட்ட விடையே வந்து நிற்கும்.

அறிகுறி 6: பரப்பளவு ஒத்துவரவில்லை

நம் முக்கோணத்தின் பரப்பளவு 6. காரணி 2. புதிய பரப்பளவு 12 என்று எழுதியிருந்தால் இந்த அறிகுறி உங்களுக்குத்தான். அ′ஆ′ 8, அ′இ′ 6, பாதி பெருக்கல் 24. நான்கு மடங்கு. நீளமும் இரண்டு மடங்கு, அகலமும் இரண்டு மடங்கு, ஆகவே பரப்பளவுக்குக் காரணியின் வர்க்கம். சுற்றளவு நீளம்தான் என்பதால் அதற்கு ஒரே ஒரு முறை காரணி, 12 என்பது 24 ஆகும். (இந்த முக்கோணத்தில் புதிய சுற்றளவும் புதிய பரப்பளவும் 24 என்றே வந்துவிட்டது. அது தற்செயல், விதி என்று நினைத்துவிடாதீர்கள்.) மைனஸ் காரணியிலும் பரப்பளவு மைனஸ் ஆகாது, −2-இன் வர்க்கமும் 4-தான்.

ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை ஏ3 தாளில் பெரிதாக்கக் கேட்டால் மெஷினில் 141% என்று வைப்பார்கள். ஏ3 தாளில் இரண்டு ஏ4 தாள் அடங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், பிறகு ஏன் 200% இல்லை? மெஷின் கேட்பது நீளத்துக்கான காரணி. பரப்பளவு 2 மடங்கு ஆகவேண்டும் என்றால் நீளம் √2, அதாவது 1.414 மடங்கு ஆகவேண்டும். ஏ4 தாள் 210 × 297 மி.மீ., ஏ3 தாள் 297 × 420 மி.மீ., வகுத்துப் பாருங்கள். ஏ3-ஐ ஏ4-க்குச் சுருக்க 71%, அது 1/√2. தெரியாமல் 200% வைத்தால் படம் நான்கு தாள் பரப்புக்கு வளர்ந்து, ஏ3 தாளில் பாதி வெட்டுப்பட்டு வரும்.

தலைகீழாகக் கேட்கும் கணக்கில் பிழை இன்னும் எளிதாக வரும். பழைய, புதிய பரப்பளவுகளின் விகிதம் 9 : 16 என்று கொடுத்துக் காரணி கேட்டால், வர்க்கமூலம் எடுத்து 4/3 என்று எழுதவேண்டும், 16/9 இல்லை.

நிலப்படத்தில் இது பெரிய அளவில் கைகொடுக்கும். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் 1 : 50,000 நிலப்படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். அப்படியானால் 1 சதுர செ.மீ. என்பது 500 × 500 = 2,50,000 சதுர மீட்டர், அதாவது 25 ஹெக்டேர். படத்தில் 3 சதுர செ.மீ. பரந்திருக்கும் ஏரி தரையில் 75 ஹெக்டேர். 50,000-ஐ ஒரே ஒரு முறை பெருக்கி 3 சதுர செ.மீ.-யை 1,50,000 சதுர செ.மீ. என்று போட்டால் 15 சதுர மீட்டர் வரும். ஒரு அறை அளவே உள்ள ஏரி. விடையைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிழை வராது. கன அளவுக்குக் காரணியை மூன்று முறை பெருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி 7: மையத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கோடுகள் ஒரு புள்ளியில் சேரவில்லை

பழைய முனையையும் அதன் புதிய முனையையும் இணைத்து நீட்டினால், அப்படி இழுத்த கோடுகள் எல்லாம் மையத்தில் சந்திக்கவேண்டும். சந்திக்காவிட்டால் முதலில் ஜோடி சரியா என்று பாருங்கள். அ-வை ஆ′-வோடு இணைத்திருந்தால் எங்கேயோ போகும்.

ஜோடி சரிதான், ஆனாலும் சேரவில்லை என்றால், பக்கங்களின் சாய்வை ஒப்பிடுங்கள். விரிவாக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் தன் பழைய பக்கத்துக்கு இணையாகவே இருக்கும். ஆஇ-யின் சாய்வு (5 − 2) / (3 − 7) = −3/4. ஆ′இ′-யின் சாய்வு (9 − 3) / (5 − 13) = −6/8, அதாவது −3/4. இரண்டும் ஒன்று. சாய்வுகள் மாறியிருந்தால் உருவம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். வடிவொத்த உருவம்தான், ஆனால் விரிவாக்கம் மட்டுமே அதை உண்டாக்கவில்லை, ஒரு சுழற்சியோ எதிரொளிப்போ சேர்ந்திருக்கிறது. வடிவொத்தவை எல்லாம் விரிவாக்கம் என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே அடிப்படைக் குழப்பம்.

கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் காரணி 1. உருவம் வெறுமனே நகர்ந்திருக்கிறது, மையம் என்று ஒன்று இல்லை.

வரையாமல் கணக்காகவே மையம் காணலாம். முதலில் ஒரு பக்கத்தை வைத்துக் காரணி: 8/4 = 2. பிறகு புதிய புள்ளியிலிருந்து, காரணியால் பெருக்கிய பழைய புள்ளியைக் கழித்து, (1 − காரணி) ஆல் வகுக்கவேண்டும். அ-வை எடுத்தால் எக்ஸ்: (5 − 6) / (1 − 2) = 1. ஒய்: (3 − 4) / (1 − 2) = 1. மையம் (1, 1). இன்னொரு முனையை வைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அதே விடை வரவேண்டும். உருவங்கள் எதிரெதிராகத் தலைகீழாக இருந்தால் காரணியை மைனஸாக எடுக்க மறக்காதீர்கள். அப்போது மையம் இரண்டுக்கும் நடுவில் வரும்.

அறிகுறி 8: கோட்டின் சமன்பாட்டில் சாய்வு மாறிவிட்டது

ஒய் = 2 எக்ஸ் + 3 என்ற கோட்டை ஆதிப்புள்ளியிலிருந்து காரணி 4-ஆல் விரித்தால் என்ன வரும்? ஒய் = 8 எக்ஸ் + 12 என்று எழுதியிருந்தால் சாய்வையும் பெருக்கிவிட்டீர்கள். இணையாகத்தான் போகும் என்று இப்போதுதான் பார்த்தோம், ஆகவே சாய்வு 2-தான். வெட்டுத்துண்டு மட்டும் மாறும்: ஒய் = 2 எக்ஸ் + 12.

மையம் வேறாக இருந்தால் வெட்டுத்துண்டை நேராகப் பெருக்கக்கூடாது. கோட்டின் மேல் ஒரு புள்ளியை எடுத்து அதை மட்டும் விரித்தால் போதும். மையம் (1, 1) என்றால், (0, 3) என்ற புள்ளி மையத்திலிருந்து (−1, 2), நான்கால் பெருக்க (−4, 8), மையத்தைக் கூட்ட (−3, 9). சாய்வு 2, இந்தப் புள்ளி வழியாக: ஒய் = 2 எக்ஸ் + 15.

"போட்டுப் பார்த்தேன், அதே கோடுதான் திரும்ப வருகிறது" என்றால், மையம் அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மையம் (1, 5) என்றால் 2 × 1 + 3 = 5, கோட்டின் மேல்தான். அப்போது புள்ளிகள் கோட்டுக்குள்ளேயே நகரும், கோடு அசையாது. அதுவே சரியான விடை.

வட்டத்தில் வேறொரு பொறி. மையம் (4, 1), ஆரம் 3 உள்ள வட்டத்தை ஆதிப்புள்ளியிலிருந்து 2-ஆல் விரித்தால் வட்ட மையம் (8, 2), ஆரம் 6. சமன்பாட்டின் வலது பக்கம் இருந்த 9 இப்போது 36. அதை 18 என்று எழுதுபவர்கள் ஆரத்தின் வர்க்கத்தை ஆரம் என்று நினைத்துப் பெருக்கியவர்கள்.

அறிகுறி 9: கணினியில் பெரிதாக்கினால் படம் ஓடிப்போகிறது

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் விரிவாக்கக் கருவி உருவம், மையம், காரணி என்று வரிசையாகக் கேட்கும். அதனால் அங்கே தப்பு குறைவு. எஸ்விஜி படம் (ஆயத்தொலைவுகளைக் கட்டளைகளாக எழுதி உருவாக்கும் கணினிப் படம்) எழுதுபவர்களுக்குத்தான் தொல்லை. அதில் ஸ்கேல் 2 என்று கொடுத்தால் படம் வளர்ந்து, வலது கீழ்ப் பக்கமாக நழுவிவிடும். அங்கே ஆதிப்புள்ளி இடது மேல் மூலை, ஒய் கீழ்நோக்கி வளரும், மையம் சொல்லாவிட்டால் அந்த மூலையே மையம். படத்தை அதன் நடுவிலிருந்து பெரிதாக்க, நடுப்புள்ளி அளவுக்கு நகர்த்தல், ஸ்கேல், அப்புறம் அதே அளவுக்கு மைனஸ் நகர்த்தல் என்று எழுதவேண்டும். வலது கடைசியில் இருப்பதுதான் முதலில் நடக்கும் என்பதால் வரிசையை மாற்றிவிடாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் மூலையைப் பிடித்து இழுத்தால் எதிர்மூலை நகராமல் நிற்கும், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் நடுப்புள்ளி நிற்கும்.

அறிகுறி 10: விரித்துத் திரும்பச் சுருக்கினேன், அளவு பழையபடி ஆனது, இடம் மட்டும் நகர்ந்துவிட்டது

இரண்டு முறையும் மையம் ஒன்றா என்று பாருங்கள். ஒரே மையமாக இருந்தால் காரணிகளைப் பெருக்கிக்கொள்ளலாம்: 2-ம் 1/2-ம் சேர்ந்தால் 1, உருவம் தன் பழைய இடத்துக்கே வரும். மையங்கள் வேறானால் வராது. அ (3, 2)-ஐ ஆதிப்புள்ளியிலிருந்து 2-ஆல் விரித்தால் (6, 4). அதை (1, 1)-இலிருந்து 1/2-ஆல் சுருக்கினால்: (5, 3), (2.5, 1.5), (3.5, 2.5). மேல் பக்கமும் வலது பக்கமும் அரை அரைக் கட்டம் தள்ளி நிற்கிறது. ஆ-வையும் இ-யையும் போட்டுப் பாருங்கள், அவையும் அதே அரை அரைக் கட்டம்தான் நகரும். காரணிகளின் பெருக்கல் 1 என்றால் இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்து வெறும் நகர்த்தலாகிவிடும். பெருக்கல் 1 இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து ஒரே விரிவாக்கம்தான். அதன் காரணி இரண்டின் பெருக்கல், மையம் மட்டும் புதிது. அந்த மையம் எப்போதும் பழைய இரண்டு மையங்களையும் இணைக்கும் கோட்டின் மேலேயே விழும். ஏழாவது அறிகுறியில் சொன்ன கணக்கால் அதைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.